கண்டுபிடித்த ஆண்டும் கைக்கு வந்த ஆண்டும்: கேப்மைண்டர் இணையதளம் குறித்து ஒரு மாணவரின் மதிப்புரை

தொழில்நுட்பமும் சமூக மாற்றமும் என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்களாகிய நாங்கள் பெரும்பாலும் செல்பேசியில் தொடங்கி இணையத்தில் முடிப்போம். உலகம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்ற வரி எப்படியும் எங்காவது இடம்பிடித்துவிடும். அந்த வரி உண்மைதானா, உண்மையென்றால் யாருக்கு, எந்த ஆண்டிலிருந்து என்று கேட்டுப் பார்ப்பதற்கு நான் அறிந்த கருவிகளில் மிகவும் பயனுள்ளது, உலக நாடுகளின் புள்ளிவிவரங்களை ஆண்டுவாரியாக நகரும் படங்களாகக் காட்டும் கேப்மைண்டர் இணையதளம். சமூக அறிவியல் பயில்பவர் என்ற முறையில் கருத்தரங்குகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் இதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் முழுவதுமாக நம்பவில்லை. இரண்டுக்குமான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

ஸ்வீடனில் இயங்கும் கேப்மைண்டர் அறக்கட்டளையை 2005ஆம் ஆண்டில் ஹான்ஸ் ரோஸ்லிங், அவருடைய மகன் ஓலா ரோஸ்லிங், மருமகள் அன்னா ரோஸ்லிங் ரென்லுண்ட் ஆகிய மூவரும் தொடங்கினார்கள். ஹான்ஸ் ஒரு மருத்துவர், மொசாம்பிக்கில் பணியாற்றியவர், பின்னர் கரோலின்ஸ்கா கழகத்தில் உலக நலவாழ்வுத் துறைப் பேராசிரியராக இருந்து, 2017இல் மறைந்தார். புள்ளிவிவரங்களை நகரும் படங்களாக்க இவர்கள் உருவாக்கிய ட்ரெண்டலைசர் என்ற மென்பொருளை 2007இல் கூகுள் வாங்கியது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. தளத்தைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. படங்களையும் தரவுகளையும் மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் எடுத்தாளலாம் என்பது, பதிப்புரிமைக்கு அஞ்சி அஞ்சியே ஒப்படைப்பு தயாரிக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி.

தளத்தின் இதயம் குமிழி வரைபடம். கிடை அச்சில் தலா வருமானம், செங்குத்து அச்சில் சராசரி ஆயுள். ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி. குமிழியின் பரப்பு அந்நாட்டின் மக்கள்தொகையைக் காட்டும், நிறம் அது இருக்கும் நிலப்பகுதியைக் காட்டும். பின்புலத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஆண்டு பெரிதாக எழுதப்பட்டிருக்கும். 1800இல் நிறுத்திப் பார்த்தால் குமிழிகள் அனைத்தும் இடது கீழ் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. எந்த நாட்டின் சராசரி ஆயுளும் 40ஐத் தாண்டவில்லை. ஓடவிடும் பொத்தானை அழுத்தியதும் ஆண்டுகள் நகர, குமிழிகள் முதலில் தயங்கித் தயங்கி வலப்புறம் ஊர்கின்றன. பின்னர் சில மட்டும் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து மேலே ஏறுகின்றன. 1918இல் இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றின்போது பல குமிழிகள் ஒரே கணத்தில் கீழே விழுந்து எழுகின்றன. 1950க்குப் பிறகு ஏறத்தாழ எல்லாமே மேல்நோக்கிக் கிளம்புகின்றன. இருநூறு ஆண்டு வரலாறு ஒரு நிமிட அளவில் முடிந்துவிடும். முதன்முறை பார்ப்பவர்கள் எவராக இருந்தாலும் மறுபடியும் ஒருமுறை ஓடவிடச் சொல்வார்கள்.

இந்த அளவோடு நின்றிருந்தால் இது ஓர் அழகான காட்சிப் பொருள்தான். அச்சுகளை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதில்தான் இதன் உண்மையான பயன் இருக்கிறது. சுகாதாரம், கல்வி, மக்கள்தொகை, ஆற்றல், தகவல்தொடர்பு எனப் பல துறைகளின் குறியீடுகள் பட்டியலில் உள்ளன; எதை வேண்டுமானாலும் எதற்கு எதிராகவும் வைத்துப் பார்க்கலாம். நான் முதலில் எல்லோருக்கும் பரிந்துரைப்பது இந்தச் சோதனையை: ஓர் அச்சில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம், மற்றதில் 100 பேருக்கு எத்தனை செல்பேசி இணைப்புகள் என்ற குறியீடு. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அது கடந்துவந்த தடம் தெரியும்படி வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள். வங்கதேசத்தை எடுத்துக்கொண்டால், 1970களின் தொடக்கத்தில் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளிலும் 200க்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதைக் காணாமலே இறந்தார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 90 அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த ஆண்டில் அங்கே 100 பேருக்கு ஒரு செல்பேசி இணைப்புகூட இல்லை. அதாவது, குமிழி செல்பேசி அச்சில் அசையாமல் சுழியிலேயே நின்றபடி இறப்பு அச்சில் பாதிக்கும் மேல் இறங்கிவிடுகிறது. செல்பேசி அச்சில் அது ஓடத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

இந்த ஒரு படம், கட்டுரைகளில் நாங்கள் வழக்கமாகப் பூட்டிவைக்கும் காரண காரியச் சங்கிலியைக் குலைத்துப் போட்டுவிடுகிறது. குழந்தைகளைக் காப்பாற்றியதும் தொழில்நுட்பம்தான். ஆனால் நாம் அந்தப் பெயரால் அழைக்க மறந்துபோன தொழில்நுட்பம். தடுப்பூசி, ஆன்டிபயாடிக் மருந்து, தூய குடிநீர், தாயின் பள்ளிப் படிப்பு, உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவற்றின் வேலை அது. 1971இல் வங்கதேச அகதிகளுக்காக அமைக்கப்பட்ட பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுக்க ஏற்பாடு செய்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. மின்சாரம் வேண்டாம், திரை வேண்டாம், குடும்பத்தார் கையாலேயே ஊட்டிவிடலாம். மனித மேம்பாட்டை உயர்த்திய தொழில்நுட்பங்களை வரிசைப்படுத்தும் பொறுப்பை என்னிடம் விட்டால், திறன்பேசிக்கு முன்னால் இதைத்தான் வைப்பேன்.

வருமானம், ஆயுள் என்ற இயல்பான அமைப்புக்கே திரும்பி வந்தாலும் இதே செய்தியை வேறொரு கோணத்தில் காணலாம். ஏதேனும் ஒரு வருமான அளவில் செங்குத்தாக ஒரு கோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1930இல் அந்தக் கோட்டின்மேல் இருந்த நாடுகளின் ஆயுளைவிட, 1960இல் அதே கோட்டுக்கு வந்துசேரும் நாடுகளின் ஆயுள் அதிகமாக இருக்கிறது. பணம் அதே பணம்தான். வாழ்நாள் மட்டும் நீள்கிறது. மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரஸ்டன் 1975இல் இதை ஆராய்ந்து, 1930களுக்கும் 1960களுக்கும் இடையே உலகின் ஆயுள் உயர்வில் 75 முதல் 90 விழுக்காடு வரை வருமானத்துக்குப் புறம்பான காரணிகளால் நிகழ்ந்திருக்கக்கூடும் என்று கணித்தார். அவர் நிலையான வளைகோடுகளாக வரைந்ததை இங்கே நகரும் கூட்டமாகப் பார்க்கிறோம். பாடநூலில் இரண்டு முறை படித்தும் எனக்குப் பிடிபடாத கருத்து, குமிழிகள் மொத்தமாக மேலே நகர்வதைக் கண்டபோது தெளிவானது. பிரஸ்டனின் பெயரைப் பாடத்திட்டத்தில் வைக்கும் ஆசிரியர்கள் இந்தப் படத்தையும் கூடவே காட்டினால் பாதி விளக்கம் மிச்சமாகும்.

கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டை மனப்பாடம் செய்யும் பழக்கத்திலிருந்து விலக்கி, அது மக்களிடம் போய்ச் சேர்ந்த ஆண்டைத் தேடவைக்கிறது இந்தத் தளம். நான் இதை உயர்வாக மதிப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே. ஜென்னர் அம்மைத் தடுப்பு முறையைச் சோதித்துக் காட்டியது 1796இல். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது 1980இல். இடைப்பட்ட 184 ஆண்டுகளும் சமூகத்தின் கணக்கில் சேர வேண்டியவை. விஞ்ஞானியின் கணக்கில் அல்ல. போட்ஸ்வானாவின் குமிழி இதற்கு இன்னும் கூர்மையான சான்று. 1990களில் அந்நாட்டின் வருமானம் வளர்ந்துகொண்டிருந்தது, ஆனால் எச்.ஐ.வி. பரவலால் ஆயுள் சரிந்தது. அதனால் குமிழி வலப்புறம் நகர்ந்துகொண்டே கீழே இறங்குகிறது. திரையில் இவ்வளவு பொருத்தமற்றதாகத் தோன்றும் அசைவு வேறு அதிகம் இல்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 அளவிலேயே பணக்கார நாடுகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. போட்ஸ்வானா அரசு அதைத் தன் மக்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது 2002இல். அதன் பிறகு குமிழி திரும்பி மேலேறுகிறது. மருந்து உலகில் இருந்தும் கைக்கு வராத அந்த ஆண்டுகளின் விலையைத்தான் கீழிறங்கிய அந்தத் தடம் காட்டுகிறது.

இந்த அளவுகோலால் பார்த்தால் செல்பேசிக்கும் உரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். தடுப்பூசி நூற்றாண்டுகளில் கடந்த தூரத்தை அது இருபது ஆண்டுகளில் கடந்தது. தரைவழித் தொலைபேசியையே காணாத வீடுகளுக்கும் அது நேராகப் போய்ச் சேர்ந்தது. அந்த வேகமும் ஒரு சமூக மாற்றம்தான். ஆனால் அந்தக் குறியீட்டைப் படிப்பதில் கவனம் தேவை. சில நாடுகளில் 100 பேருக்கு 120, 130 இணைப்புகள் என்று படம் காட்டும். அது சிம் கார்டுகளின் எண்ணிக்கை. மனிதர்களின் எண்ணிக்கை அல்ல. ஒருவரிடம் இரண்டு சிம் இருக்க, அடுத்தவரிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இணையப் பயனர் என்ற குறியீடும் இப்படித்தான்: கடந்த மூன்று மாதங்களில் ஒருமுறை பயன்படுத்தியிருந்தாலும் அவர் பயனர். நாள் முழுவதும் இணையத்தில் கற்கும் மாணவியும், யாரோ ஒருவரின் கருவியில் தேர்வு முடிவை மட்டும் பார்த்த மாணவியும் அந்தக் கணக்கில் சமம். வரையறையைத் தேடிப் படிக்காமல் படத்தை மட்டும் வெட்டி ஒட்டுபவர்கள் இங்கே எளிதில் வழுக்கி விழுவார்கள்.

சமூக மாற்றம் என்ற சொல்லுக்கு இந்தத் தளத்தில் நான் கண்ட மிகச் சிறந்த உருவம், ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தைகள் என்ற குறியீடுதான். அதைக் குழந்தை இறப்புக்கு எதிராக வைத்து ஓடவிட்டால், பெரிய குடும்பமும் அதிக இறப்பும் உள்ள மூலையிலிருந்து சிறிய குடும்பமும் குறைந்த இறப்பும் உள்ள மூலைக்குக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெயர்கின்றன. ஈரானின் குமிழி 1980களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ பதினைந்தே ஆண்டுகளில் 6இலிருந்து 2ஐ ஒட்டி வந்துவிடுகிறது. மதம், பண்பாடு, மரபு என்று சொல்லி மாறவே மாறாது என எழுதப்பட்ட எத்தனையோ பத்திகளுக்கு அந்த ஒரு கோடு பதில். அதற்குப் பின்னால் பெண் கல்வியும் கிராமப்புற நலவாழ்வு நிலையங்களும் குடும்பநலத் திட்டமும் இருந்தன என்பதை நாம்தான் வேறிடத்தில் படித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். படம் அதைச் சொல்லாது.

மனித மேம்பாட்டுச் சுட்டெண்ணையும் ஓர் அச்சில் வைக்கலாம். பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று 1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கை வழியாக அறிமுகப்படுத்திய இந்தச் சுட்டெண், ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஒரே எண்ணாகச் சுருக்குகிறது. அப்படிச் சுருக்குவது குறித்து, இதை உருவாக்க உதவிய பொருளியலாளர் அமர்த்தியா சென்னுக்கே தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. 2010 முதல், மூன்றையும் கூட்டி வகுக்கும் கூட்டுச் சராசரிக்குப் பதிலாக மூன்றையும் பெருக்கிக் காணும் பெருக்குச் சராசரியைக் கையாளத் தொடங்கியதால், ஒரு துறையில் பின்தங்கியதை மற்றொன்றைக் காட்டி மறைப்பது முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது. ஆனாலும் கேப்மைண்டரில் இந்தச் சுட்டெண்ணைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. மூன்று கூறுகளையும் தனித்தனியே ஓடவிட்டுப் பார்க்க வசதி இருக்கும்போது, அவற்றைக் கரைத்து ஊற்றிய கலவை எதற்கு? வருமானத்தைக் கிடை அச்சில் வைத்துவிட்டு, வருமானத்தையும் உள்ளடக்கிய சுட்டெண்ணைச் செங்குத்து அச்சில் வைத்து, இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன என்று வியப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி குறைகள். முதலாவது, ஒரு நாட்டை ஒரே குமிழியாக்குவது. சராசரி என்பது வசதியுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே தட்டில் நிறுத்துவது. ஒரே நாட்டின் இரு மாவட்டங்களுக்கு இடையே இருக்கும் தொலைவு, சில வேளைகளில் இரு நாடுகளின் குமிழிகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது. வருமானப் பரவலை மலை வடிவில் காட்டும் தனி வரைபடம் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆனால் அதில் சாதி, பாலினம், மொழி போன்ற பிளவுகள் தென்படுவதில்லை. இரண்டாவது, கிடை அச்சின் மடக்கை அளவுகோல். நாளொன்றுக்கு 2 டாலரிலிருந்து 4 டாலருக்குப் போவதும் 32இலிருந்து 64க்குப் போவதும் திரையில் ஒரே நீளம். ஏழைக்குக் கிடைக்கும் கூடுதல் ஒரு டாலரின் அருமையைக் காட்ட இதுவே சரியான வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவே செல்வந்த நாடுகள் எவ்வளவு விலகிப் போய்விட்டன என்பதைக் கண்ணுக்குச் சிறிதாக்கிவிடுகிறது. அச்சைச் சாதாரண அளவுகோலுக்கு மாற்றும் வசதி தளத்திலேயே இருக்கிறது. ஒருமுறையாவது மாற்றிப் பாருங்கள். ஒழுங்காக அணிவகுத்து நின்ற கூட்டம் இடப்புறச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, இவ்வளவு சீராக நகரும் காட்சி தன்னளவிலேயே ஒரு வாதமாக மாறிவிடுவது. எல்லாம் மேலே போகின்றன, ஆகவே எல்லாம் தானாக மேலே போகும் என்ற எண்ணத்தை அசைவு மனத்தில் விதைக்கிறது. 1994இல் இனப்படுகொலையின்போது ருவாண்டாவின் குமிழி பாதாளத்துக்கு விழுந்து சில ஆண்டுகளில் திரும்பி எழும்போது, பார்ப்பவர் அடையும் அதிர்ச்சி அரை நொடியில் கடந்துவிடுகிறது. அங்கே கொல்லப்பட்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். குமிழி மீண்டது, அவர்கள் மீளவில்லை. அதுபோலவே, செங்குத்து அச்சில் தலைக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியேற்றம் என்ற குறியீட்டை வைத்துப் பார்ப்பவர்களுக்கு, வலப்புறம் போகப் போக மேலேறும் அதே அசைவு இப்போது ஆறுதலாக இருக்காது. அந்தக் குறியீடும் அதே பட்டியலில்தான் இருக்கிறது என்பதால் தளத்தின்மீது பழி சொல்ல முடியாது. ஆயுளையும் வருமானத்தையும் காட்டும் படமே முதலில் திறக்கிறது, பெரும்பாலானவர்கள் அத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

டாலர் ஸ்ட்ரீட் என்ற இணைப்பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல நாடுகளின் வீடுகளைப் படமெடுத்து, நாட்டு வரிசையில் அல்லாமல் வருமான வரிசையில் ஒரே தெருவாக அடுக்கியிருக்கிறார்கள். அடுப்பு என்று தேர்ந்தெடுத்தால் மூன்று கல் அடுப்பிலிருந்து எரிவாயு அடுப்பு வரை வரிசையாக வரும்; பல் துலக்கும் பொருளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு முனையில் வெறும் விரலும் குச்சியும், மறுமுனையில் மின் தூரிகையும். வெவ்வேறு கண்டங்களில் வாழும் ஒரே வருமான நிலைக் குடும்பங்களின் சமையலறைகள் ஒன்றுபோலவே இருப்பதைக் காணும்போது, பண்பாட்டு வேறுபாடு என்று நாம் கருதியவற்றில் எத்தனை வெறும் பண வேறுபாடு என்ற கேள்வி எழுகிறது. குமிழிகளில் முகம் இல்லை என்ற குறையை இது தீர்க்கிறது. எனினும் இவை ஒரு நாள் வந்துபோன ஒளிப்படக் கலைஞரின் கண்ணில் பட்டவை. ஒரு குடும்பத்தைக் கொண்டு ஒரு நாட்டை அளக்கக் கூடாது.

தேர்வுக் கட்டுரைக்கும் ஆய்வேட்டுக்கும் மூலத்தோடு தரவு வேண்டுமென்றால், ஒவ்வொரு படத்தின் கீழும் மூலத்தையும் விளக்கத்தையும் விரிவாகக் கொடுக்கும் ‘அவர் வேர்ல்டு இன் டேட்டா’ (Our World in Data) என்ற தளமே வசதியானது. அங்கே தேவையான அட்டவணையைப் பதிவிறக்கி நாமே கணக்கிடலாம். கேள்வியைக் கண்டுபிடிக்கும் முதல் கட்டத்துக்கும், வகுப்பில் நாற்பது பேர் முன்னால் நின்று பேசும் நேரத்துக்கும் கேப்மைண்டர்தான். இணைய இணைப்பு நம்ப முடியாத அரங்குகளுக்காகக் கணினியில் நிறுவிக்கொள்ளும் பதிப்பும் இருக்கிறது. கருத்தரங்குக்குப் போகும்முன் அதை ஏற்றிவைத்துக்கொள்வது நல்லது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்.

பிடித்தம் செய்த அந்த ஒரு மதிப்பெண் 1800க்காக. பிறப்பு, இறப்புப் பதிவே இல்லாத காலத்துக்கு, இன்றைய எல்லைகளை அன்றைய நிலத்தின்மேல் போட்டு மதிப்பிட்ட எண்கள் அவை. இடைப்பட்ட ஆண்டுகள் பலவும் அறிந்த இரு புள்ளிகளுக்கு நடுவே நிரப்பப்பட்டவை. பழைய தரவுகள் தோராயமானவை என்று அறக்கட்டளையே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் அதை எழுத்தில் சொல்கிறதே தவிர படத்தில் காட்டுவதில்லை. மதிப்பீட்டில் பிறந்த 1800இன் குமிழியும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் மருத்துவப் பதிவேடுகளும் தாங்கி நிற்கும் 2015இன் குமிழியும் ஒரே கூரிய விளிம்போடு வரையப்படுகின்றன. ஐயம் அதிகமுள்ள ஆண்டுகளில் குமிழியின் விளிம்பை மங்கலாக்கி, தரவு உறுதிப்படப் பட அதைத் தெளிவாக்கும் ஒரு சிறு மாற்றத்தைச் செய்தால், ஓடும் படத்தைப் பார்க்கும் மாணவருக்கு உலகம் மாறியது மட்டுமல்லாமல், உலகைப் பற்றிய நம் பதிவுகள் எப்போது வலுப்பெற்றன என்பதும் அதே திரையிலேயே தெரியும்.